‘ஊரடங்கு நாற்பது’ – ஒரு நன்றி மடல்

அன்புள்ள எல்லோருக்கும் வணக்கம்.

நாற்பது குறள் வெண்பாக்கள் ஒருவழியாகச் சிறு நூலாகிக் கைக்கு வந்துவிட்டன. நாற்பது என்றதும் இன்னா நாற்பது, இனியவை நாற்பது என்று யாரும் பெரிதாக எதிர்பார்த்துவிட வேண்டாம். இது மெல்பர்ன் நகரத்தின் கிளேட்டன் பகுதியில், ஒரு வாடகை வீட்டில், 2020-இல் எழுதியது. அட்டையில் என் பெயர் மட்டும் இருப்பது உறுத்துகிறது. அதற்காகத்தான் இந்த மடல்.

கொரோனாவால் அந்த ஆண்டு ஜூலை தொடங்கி அக்டோபர் கடைசிவரை எங்கள் ஊர் 112 நாள் அடைந்து கிடந்தது. ஆகஸ்டு 2 முதல் இன்னும் இறுக்கினார்கள். இரவு எட்டு மணிக்கு மேல் வெளியே தலைகாட்டக் கூடாது. வீட்டிலிருந்து 5 கிலோமீட்டர் தாண்டக் கூடாது. கடைக்கு வீட்டுக்கு ஒருவர், நாளைக்கு ஒரு தடவை. கேரம் டவுன்ஸ் சிவா விஷ்ணு கோயில் அந்த வட்டத்துக்கு எங்கோ வெளியே இருந்தது. இரண்டு படுக்கையறை வீட்டில் நாங்கள் ஐந்து பேர். ஓர் அறை கணவருக்கு அலுவலகம், சாப்பாட்டு மேசை இரண்டாம் வகுப்பு மகனுக்குப் பள்ளிக்கூடம், மூன்று வயது மகளுக்கு எல்லா இடமும். கூடவே அம்மா. ஜனவரியில் மூன்று மாதம் இருந்துவிட்டுப் போக வந்தவர். மார்ச் 22-ஓடு இந்தியாவுக்குப் பன்னாட்டு விமானங்கள் நின்றுபோக, இங்கேயே மாட்டிக்கொண்டார். கும்பகோணத்தில் அப்பா தனியாக.

அப்பாவுக்கு ரசமும் பொரியலும் தூக்கில் வைத்து, திண்ணையில் வைத்துவிட்டுத் தள்ளி நின்று குரல் கொடுத்த எதிர்வீட்டு அக்காவுக்கு முதல் நன்றி. நீங்கள் இல்லையென்றால் அம்மா இங்கே ஒரு வாய் நிம்மதியாகச் சாப்பிட்டிருக்க மாட்டார், நான் ஒரு வரி எழுதியிருக்க மாட்டேன். அம்மாவின் இரத்த அழுத்த மாத்திரை தீர்ந்தபோது, காலி அட்டையை வாங்கிப் பார்த்து, “பேர்தான் வேற அம்மா, உள்ள இருக்கிற மருந்து ஒண்டுதான்” என்று பொறுமையாக விளக்கி, எந்த மருத்துவரிடம் போய்ச் சீட்டு வாங்குவது என்றும் சொல்லி அனுப்பிய யாழ்ப்பாணத்து மருந்தாளர் தம்பிக்கும். அன்று கடையிலிருந்து வீடு திரும்பும்போதுதான், எத்தனையோ வாரம் கழித்து, ஓர் அடி தானாக வந்தது.

எழுதிய இடம் பற்றிச் சொல்ல வேண்டும். வாசலில் நின்ற கார். தினமும் நாலு மணியிலிருந்து நாலரை வரை அது என் எழுத்தறை. அந்த அரை மணிக்கு எந்தக் கூட்டத்தையும் ஒப்புக்கொள்ளாமல், மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு ஜன்னலில் நின்று கையசைத்த கணவருக்கு நன்றி சொன்னால் சிரிப்பார். சொல்லிவிட்டேன்.

தமிழையா, உங்களுக்கு எப்படிச் சொல்வது? பள்ளியில் மதிப்பெண்ணுக்காக அலகிட்டு வாய்பாடு எழுதியவள்தான் நான். இருபது வருடம் கழித்து வாட்ஸ்அப்பில் ஒரு குறளை அனுப்பி, “ஐயா, இது வெண்பாவா?” என்று கேட்டபோது நீங்கள் நலம்கூட விசாரிக்கவில்லை. “மூன்றாம் சீரில் தளை தட்டுது” என்றுதான் பதில் வந்தது. ஒரு சீரின் முடிவும் அடுத்த சீரின் தொடக்கமும் வெண்பா விதிப்படி பொருந்துவதுதான் தளை. அங்கே விடியற்காலை ஐந்து என்றால் இங்கே ஒன்பதரை. மகனை வகுப்பில் உட்காரவைத்த கையோடு உங்கள் குரல் பதிவைக் கேட்பேன். “மா முன் நிரை, விளம் முன் நேர், காய் முன் நேர்” என்று, எந்த வகைச் சீருக்குப் பின் எந்த அசை வர வேண்டும் என நீங்கள் சொன்னதை மகன் பிடித்துக்கொண்டு, நேர் என்ற சிறிய அசைக்குச் சின்ன லெகோ, நிரை என்ற பெரிய அசைக்குப் பெரிய லெகோ என்று என் குறள்களை மேசையில் அடுக்க ஆரம்பித்தான். அவனுடைய கணக்குப் பாடம் அன்றைக்கெல்லாம் என்ன ஆனது என்று கேட்காதீர்கள்.

பக்கத்து வீட்டில் தனியாக இருக்கும் கிரேக்கப் பாட்டி எங்களோடு பேசியதெல்லாம் வேலிக்கு மேலேதான். முகக்கவசத்துக்குள்ளிருந்து வரும் அவர் ஆங்கிலமும் என் அம்மாவின் தமிழும் எப்படியோ பேசிக்கொண்டன. அவர் மரத்து எலுமிச்சை எங்கள் பக்கம் விழும். எடுக்கலாமா என்று நாங்கள் தயங்கிய மறுநாள், பையோடு வேலியில் மாட்டிவைத்தார். அம்மா ஊறுகாய் போட்டுத் திருப்பிக் கொடுத்தார். (அதை அவர் ஆட்டிறைச்சியோடு சாப்பிட்டதாகக் கேள்வி.) அதைத்தான் எழுதிப் பார்த்தேன்:

வேலி கடந்து விழுந்த எலுமிச்சை
நான்கு சுவருக்குள் நட்பு

“தளை சரி. எதுகை எங்கே?” என்றார் ஐயா. இரண்டு அடிகளின் முதல் சொல்லிலும் இரண்டாம் எழுத்து ஒத்து ஒலிப்பதுதான் எதுகை. இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். எதுகை என்றால் என்னவென்றே அவருக்குத் தெரியாது. “நான்குன்னு யாருடி பேசுறா? நாலுன்னு எழுதேன்” என்றார்.

வேலி கடந்து விழுந்த எலுமிச்சை
நாலு சுவருக்குள் நட்பு

அவ்வளவுதான். நூலின் முதல் பக்கத்தில் இருப்பது இது. அம்மா ஊர் போய்ச் சேர 2021 தை பிறந்துவிட்டது. நூலைப் பார்த்துவிட்டு, “என் பேர் எங்கடி?” என்று கேட்டார். இதோம்மா, இங்கே.

அச்சுக்குப் போகுமுன் பிழை பார்த்துத் தந்த தோழிக்கும், வாரக்கடைசித் தமிழ்ப்பள்ளியை ஜூமில் விடாமல் நடத்திய ஆசிரியைகளுக்கும் என் அன்பு.

கடைசியாக ஒரு மன்னிப்பு, ஐயாவிடம். 37-ஆம் குறளின் ஈற்றடி, “பூங்கா பூட்டிக் கிடக்கு” என்று அப்படியே அச்சாகியிருக்கிறது. மா முன் நேர். தளை தட்டுகிறது, தெரியும். “பூங்கா அடைத்துக் கிடக்கு என்று மாற்றம்மா, சரியாகிவிடும்” என்று நீங்கள் எழுதியதும் பத்திரமாக இருக்கிறது. ஆனால் அந்த அடி மகனுடையது. லெகோவை அடுக்கிப் பார்த்துவிட்டு அவனே தப்பு என்று ஒப்புக்கொண்டான். மாற்ற மட்டும் விடவில்லை. “அடைக்கலம்மா. பூட்டுத்தான் போட்டிருந்தாங்க. நான் பார்த்தேன்” என்றான்.

அன்புடன்,
உங்கள் மாணவி, மகள், பக்கத்து வீட்டுக்காரி