பட்டணத்தில் வீடு பார்க்கும் அண்ணன் மகளுக்கு

அன்புள்ள மருமகளே,

நீ அனுப்பிய வீட்டுப் படங்களை உன் அம்மாவும் நானும் சேர்ந்து பார்த்தோம். வாசலில் காவற்சாவடி, உள்ளே ஏரி, ஏரியைச் சுற்றி நடைபாதை, மேல்மாடியில் பேரனுக்கென்று தனி அறை. "நீங்கள் இப்படிப்பட்ட இடத்தில் பல வருடம் இருந்தவர்கள், வாங்கலாமா வேண்டாமா என்று சொல்லுங்கள் அத்தை" என்று கேட்டிருந்தாய். தொலைபேசியில் சொல்லி முடிக்கிற விஷயமாக எனக்குத் தோன்றவில்லை. உன் சம்மதத்தோடு இதைப் பொதுவில் எழுதுகிறேன். மலேசியாவில் நம் பத்தாங் பெர்ஜுந்தையை (இப்போது பெஸ்தாரி ஜெயா) சுற்றியுள்ள தோட்டங்களில் பிறந்து, படித்து, கோலாலம்பூரில் வேலை பார்க்கும் பிள்ளைகள் பலர் இதே கேள்வியோடு இருக்கிறார்கள். அவர்களுக்கும் பயன்படட்டும்.

முதலில் ஒன்று. வசதியானவர்கள் வாழும் இடத்தில் வீடு வாங்க ஆசைப்படுவது தவறே இல்லை. "வந்த வழியை மறந்துவிட்டாள்" என்று யாராவது பேசினால் காதில் போட்டுக்கொள்ளாதே. உன் தாத்தா முதலில் ரப்பர் மரம் சீவினார், பிறகு செம்பனை, அதாவது எண்ணெய்ப்பனை, குலை வெட்டினார். நாங்கள் பிறந்து வளர்ந்த லயத்து வீடு, தொழிலாளர்களுக்குத் தோட்டம் வரிசையாகக் கட்டிக்கொடுத்த வீடு, ஒரு நாளும் எங்களுடையதாக இருந்ததில்லை. வேலை இருக்கும்வரை வீடு. வேலை முடிந்தால் சாவியைக் கொடுத்துவிட வேண்டும். பாட்டி வைத்த முருங்கையும் கறிவேப்பிலையும்கூடத் தோட்டத்துக்குத்தான் சொந்தம். நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917-ல் போடப்பட்டது நம் ஊருக்குப் பக்கத்தில் தென்னமரம் என்ற இடத்தில்தான். நூறு ஆண்டுக்கு மேல் பலன் கொடுத்த மண் அது. அந்த மண்ணில் முதுகொடிய உழைத்தவர்களில் எத்தனை பேருக்கு ஒரு துண்டு நிலம் அமைந்தது? ஆகவே நம் வீட்டுப் பெண்ணின் பெயரில் ஒரு நிலப்பட்டா வருகிறது என்றால், மற்ற எதையும் யோசிப்பதற்கு முன் எனக்கு மனம் நிறைகிறது.

இன்னொன்றையும் நினைத்துப் பார். இன்று விலை உயர்ந்த குடியிருப்புகள் என்று பெயரெடுத்த இடங்கள் பல, நேற்றுத் தோட்டங்களாக இருந்தவை. சுபாங் ஜெயா எழுந்தது சீபீல்டு தோட்டத்தில். பண்டார் உத்தாமா எழுந்தது எஃபிங்ஹாம் தோட்டத்தில். எல்மினா என்ற பெயரே ஒரு தோட்டத்தின் பெயர். புத்ராஜெயா எழுந்ததும் பெராங் பெசார் முதலிய தோட்டங்களின் மேல்தான்; அங்கிருந்த நம் மக்கள் டிங்கிலில் அடுக்குமாடி வீடுகளுக்குப் போனார்கள். அந்தத் தலைமுறையின் பேத்தி ஒருத்தி தன் சம்பளத்தில் அதே மண்ணில் வீடு வாங்கித் திரும்பி வருவதை நான் வரவேற்காமல் யார் வரவேற்பது?

இனி, அங்கே வாழ்ந்தவளாகச் சொல்கிறேன்.

அங்கே எனக்குக் கிடைத்த பெரிய நன்மை ஏரியோ நடைபாதையோ இல்லை. யாரும் என்னைக் கவனிக்கவில்லை என்பதுதான். நான் தாதியாக இரவு வேலைக்குப் போய் விடியற்காலையில் திரும்புவேன். லயத்தில் இருந்திருந்தால் அந்த ஒன்றை வைத்தே என்னைப் பற்றி என்னென்ன பேசியிருப்பார்கள் என்று உனக்குத் தெரியும். அங்கே எதிர்வீட்டுச் சீன மூதாட்டி காலையில் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டே தலையசைப்பார், அவ்வளவுதான். ஒரு பெண் எத்தனை மணிக்கு வந்தாள், யார் காரில் வந்தாள், ஏன் இன்னும் குழந்தை இல்லை என்று கேட்க அங்கே ஆள் கிடையாது. நம் ஊரின் பாசத்தைப் பற்றி நிறைய எழுதுகிறார்கள். அந்தப் பாசத்துக்குக் கண்காணிக்கும் கண்ணும் உண்டு. அதன் சுமை பெண்கள் தலையில்தான் விழுகிறது. இதை நான் மறைக்க விரும்பவில்லை.

அடுத்தது மருத்துவம். உன் மாமாவுக்கு நள்ளிரவில் நெஞ்சு வலித்தபோது சில நிமிடங்களில் மருத்துவமனைப் படுக்கையில் இருந்தார். நம் ஊரில் சுகாதார நிலையம் இருக்கிறது. பெரிய காரியம் என்றால் தஞ்சோங் காராங் போக வேண்டும், இல்லையென்றால் சுங்கை பூலோ. செம்பனை லாரிகளுக்குப் பின்னால் அந்த இரவு நேரப் பயணம் எப்படி இருக்கும் என்பதை அண்ணனின் கடைசி நாட்களில் நாம் எல்லோரும் பார்த்தோம். நூலகம், நல்ல விளக்குப் போட்ட தெரு, பிள்ளை சைக்கிள் ஓட்டப் பூங்கா, வேலைக்குப் பக்கம் என்று மற்றவற்றை நீயே அறிவாய். இங்கே இளைஞர்களுக்கு வேலை இல்லை, லயங்கள் பாதி காலி, மீதியில் வெளிநாட்டுத் தொழிலாளர்கள். நீ இங்கேயே இருந்திருக்க வேண்டும் என்று சொல்லும் தைரியம் எனக்கு இல்லை.

சரி, பணத்துக்கு வருவோம். பத்து லட்சம் ரிங்கிட் வீட்டுக்கு வங்கி 90 விழுக்காடு கடன் தரும் என்று வைத்துக்கொள். ஒன்பது லட்சம், ஆண்டுக்கு 4 விழுக்காடு வட்டி, 35 ஆண்டுத் தவணை. மாதம் ஏறக்குறைய 3,985 ரிங்கிட் வரும். மொத்தத்தில் நீங்கள் திருப்பிக் கட்டுவது ஏறத்தாழ 16 லட்சத்து 74 ஆயிரம். உனக்கு இப்போது 34 வயது; கடன் முடியும்போது 69. சட்டப்படியான குறைந்தபட்ச ஓய்வு வயது 60. நடுவிலுள்ள அந்த ஒன்பது ஆண்டுகளுக்கு எங்கிருந்து கட்டுவீர்கள் என்று நீயும் மாப்பிள்ளையும் உட்கார்ந்து பேசியிருக்கிறீர்களா? சேமநிதியை நம்பியிருந்தால் அதை இப்போதே எழுதிப் பாருங்கள். இதற்கு மேல் இரண்டு கார் வேண்டும், தினமும் டோல் கட்ட வேண்டும்.

பராமரிப்புக் கட்டணத்தைப் பற்றி விற்பனையாளர் மேலோட்டமாகத்தான் சொல்லியிருப்பார். நன்றாக விசாரி. வேலியும் காவலும் உள்ள குடியிருப்புகளில் இரண்டு வகை உண்டு. ஒன்று, அடுக்குமாடிகளுக்கு இருப்பது போன்ற ஸ்ட்ராத்தா பட்டா உள்ளது. அங்கே 2013-ஆம் ஆண்டின் ஸ்ட்ராத்தா நிர்வாகச் சட்டப்படி கட்டணம் கட்டாயம். அதற்கு மேல் எதிர்காலப் பழுதுபார்ப்பு நிதிக்கென்று வழக்கமாகப் பத்து விழுக்காடு சேரும். கட்டாமல் விட்டால் நிர்வாகம் வழக்குப் போடலாம். மற்றொன்று, ஒவ்வொரு வீட்டுக்கும் தனி நிலப்பட்டா இருந்து, குடியிருப்பாளர்கள் சேர்ந்து காவல் வைத்துக்கொள்வது. அங்கே சாலை ஊராட்சி மன்றத்தைச் சேர்ந்தது. யாரையும் உள்ளே வரக்கூடாது என்று தடுக்க முடியாது. காவல் கட்டணமும் விருப்பத்தின் பேரில்தான். விளம்பரத்தில் இரண்டும் ஒன்று போலவே தெரியும். நீ பார்த்த வீடு எந்த வகை?

காவற்சாவடியைப் பற்றிக் கோபத்தோடுதான் எழுதுகிறேன். ஒரு பொங்கலுக்கு உன் பெரியப்பா நம் வீட்டுக் கரும்பையும் வாழைத்தாரையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார். காவலர் அவருடைய அடையாள அட்டையை வாங்கி வைத்துக்கொண்டார். வெகுநேரம் நிற்க வைத்து, எனக்குத் தொலைபேசியில் கேட்ட பிறகுதான் தடையைத் தூக்கினார். பின்னால் வந்த பெரிய காருக்கு எந்தக் கேள்வியும் இல்லை. பெரியப்பா உள்ளே வந்து சாப்பிட்டார், சிரித்துப் பேசினார், அதற்குப் பிறகு அந்த வீட்டுக்கு அவர் வரவே இல்லை. அந்தக் காவலரை நான் குறை சொல்லமாட்டேன். நேப்பாளத்திலிருந்து வந்து பன்னிரண்டு மணிநேரம் நிற்கும் பிள்ளை அவன். யாரை எப்படி நிறுத்த வேண்டும் என்று அவனுக்குச் சொல்லிக் கொடுத்தவர்கள் வீட்டுக்காரர்கள். நீ அங்கே போனால் ஒன்றைத் தெரிந்து வைத்துக்கொள்: தனியார் காவலர் ஒருவர் வருகிறவரின் அடையாள அட்டையைப் பிடித்து வைத்துக்கொள்ளச் சட்டத்தில் இடமில்லை. குடியிருப்பாளர் கூட்டத்தில் எழுந்து நின்று இதைச் சொல். உன் சொந்தக்காரர்களின் பெயரை முன்கூட்டியே பதிந்து வை. நம் ஆட்கள் அவமானப்பட்டு வந்து சாப்பிட வேண்டிய அவசியம் இல்லை.

இனி, நான் இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்ததற்கான காரணம். உன் அம்மா.

வீடு வாங்கியதும் அண்ணியை அழைத்துக்கொள்வோம் என்று சொன்னாய். கேட்க மகிழ்ச்சியாக இருந்தது. ஆனால் செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு அவர் அந்த வீட்டில் என்ன செய்வார்? நீ அலுவலகத்தில், மாப்பிள்ளை அலுவலகத்தில், பேரன் பள்ளியில். தெருவில் ஓர் ஆள் நடக்கமாட்டார். எல்லா வாயிற்கதவும் சாத்தியிருக்கும். இங்கே அண்ணி காலையில் எழுந்து கோயிலுக்கு நடந்து போகிறார். திரும்பும் வழியில் மளிகைக் கடையில் தேங்காய் வாங்குகிறார். கடைக்காரருக்கு அவருடைய சர்க்கரை அளவுகூடத் தெரியும். யாராவது ஒருத்தி வாசலில் நின்று, நேற்று ஏன் காணவில்லை என்று கேட்கிறாள். தோட்டம் நமக்கு நில உரிமை கொடுக்கவில்லை, நல்ல கூலி கொடுக்கவில்லை. ஆனால் கைக்குழந்தைகளை விட்டுவிட்டு வேலைக்குப் போகும் ஆயாக் கொட்டகை, பள்ளிக்கூடம், கோயில், கடை எல்லாம் நடந்து போகிற தூரத்தில் இருந்தன. வாகனம் ஓட்டத் தெரியாதவர்கள் யாரையும் எதிர்பார்க்காமல் ஒரு முழு நாளைக் கழிக்க முடிந்தது.

வசதியான குடியிருப்பு என்பது ஸ்டியரிங் பிடிக்கத் தெரிந்தவர்களுக்காகப் போடப்பட்ட ஊர். நாற்பது வயதுக்காரருக்கு அது சொர்க்கம். பன்னிரண்டு வயதுப் பையனும் எழுபது வயதுத் தாயும் அங்கே யாராவது ஏற்றிக்கொண்டு போகும்வரை காத்திருப்பவர்கள். நான் தாதியாக இருந்தபோது இப்படிப்பட்ட வீடுகளிலிருந்து வரும் முதியவர்களைப் பார்த்திருக்கிறேன். மருந்துக்குக் குறைவில்லை, உணவுக்குக் குறைவில்லை, பிள்ளைகள் அன்பானவர்கள். நான் இரத்த அழுத்தம் பார்க்கக் கையைப் பிடித்தால் விடமாட்டார்கள், பேசிக்கொண்டே இருப்பார்கள். அண்ணியை அந்த நிலையில் பார்க்க எனக்கு விருப்பமில்லை.

அதனால் வீட்டைப் பார்க்கும் உன் முறையை மாற்றிக்கொள். சமையலறை எவ்வளவு பெரியது என்பதற்கு முன், அண்ணி குடை பிடித்துக்கொண்டு எதுவரை நடந்து போய்வர முடியும் என்று பார். சந்தை இருக்கிறதா, மருந்தகம் இருக்கிறதா, சாலையைக் கடக்க வழி இருக்கிறதா? புதிதாகப் போட்ட இடங்களைவிட முப்பது நாற்பது வருடமான குடியிருப்புகள் இதில் நல்லவை. மரங்கள் வளர்ந்திருக்கும், மூலையில் கடை வந்திருக்கும், பெரியவர்கள் சேர்ந்து உட்காரும் இடம் தானாக அமைந்திருக்கும். வீடு பழையதாக இருக்கும், குழாய் மாற்ற வேண்டி வரும். பரவாயில்லை. சுபாங் ஜெயாவுக்கு 2016-ல் எல்ஆர்டி நகர ரயில் நீண்டது. அதே ஆண்டு இறுதியில் பண்டார் உத்தாமாவுக்கு எம்ஆர்டி ரயில் வந்தது. அறுபது வயதைத் தாண்டியவர்களுக்கு ரயிலில் பாதிக் கட்டணம். நிலையத்துக்குப் பக்கத்தில் வீடு அமைந்தால் அண்ணி தானே பிரிக்பீல்ட்ஸ் போய்ப் பூவும் புடவையும் வாங்கி வந்துவிடுவார். அவருடைய துணிவு உனக்குத் தெரியாததா?

பேரனின் பள்ளியையும் இதோடு சேர்த்து யோசி. அனைத்துலகப் பள்ளி விளம்பரம் ஒன்றை மாப்பிள்ளை எனக்கு அனுப்பியிருந்தார். வங்கித் தவணையோடு அந்தக் கட்டணத்தையும் சேர்த்துக் கூட்டிப் பார்க்கச் சொல். பண்டார் உத்தாமாவில் எஃபிங்ஹாம் தமிழ்ப்பள்ளி இருக்கிறது. சுபாங் ஜெயாவில் சீபீல்டு தமிழ்ப்பள்ளி இருக்கிறது. தோட்டங்கள் போயின, லயங்கள் போயின, நம் பெரியவர்கள் விடாமல் பிடித்து நின்றதால் பள்ளிகள் நின்றன. 150 மாணவர்கள்கூட இல்லாமல் தடுமாறும் தமிழ்ப்பள்ளிகள் நாட்டில் ஏராளமாக இருக்கும்போது, நகரத்து நடுவில் நல்ல நிலையில் உள்ள ஒரு பள்ளிக்குப் பக்கத்தில் வீடு பார்ப்பது உனக்கு இயலும் காரியம். அந்தப் பள்ளி வாசலில் அண்ணியைப் போலப் பேரப்பிள்ளைகளுக்காகக் காத்திருக்கும் பாட்டிமார்கள் இருப்பார்கள். ஒரு மாதத்தில் அவருக்கு அங்கே பத்துச் சிநேகிதிகள் சேர்ந்துவிடுவார்கள்.

அப்படி ஓர் இடம் உங்கள் கைக்கு எட்டவில்லை என்றால், அவசரப்பட்டு ஏரிக்கரை வீட்டில் கையெழுத்துப் போடாதீர்கள். அதே குடியிருப்பில் ஒரு வருடம் வாடகைக்கு இருந்து பாருங்கள். வாடகை உன் தவணையைவிடக் குறைவாகவே இருக்கும் என்று நினைக்கிறேன், விசாரித்துக்கொள். இல்லையென்றால் அண்ணி இங்கேயே என்னோடு இருக்கட்டும், நீங்கள் சனி ஞாயிறு வாருங்கள். ஈஜோக்கிலிருந்து லாத்தார் நெடுஞ்சாலை திறந்த பிறகு கோலாலம்பூர் அவ்வளவு தூரமில்லை. அவரை நான் பார்த்துக்கொள்வேன். இதில் உனக்குக் குற்ற உணர்ச்சி வேண்டாம். அவருக்கென்று அறை ஒதுக்கிவிட்டாய் என்பதற்காகப் பத்து லட்சத்தில் மாட்டிக்கொள்ளாதே.

வருகிற வாரம் ஒரு நாள் விடுப்பு எடு. விற்பனைக் கண்காட்சி நடக்கும் ஞாயிறு வேண்டாம், வேலை நாளாக இருக்கட்டும். அண்ணியைப் பேருந்தில் அனுப்புகிறேன். சுங்கை பூலோவில் வந்து அழைத்துக்கொள். இருவரும் காரை வெளியே நிறுத்திவிட்டு அந்தக் குடியிருப்புக்குள் நடந்து பாருங்கள். அண்ணி என்ன சொல்கிறார் என்று கேள். அவர் உன் மனம் நோகக்கூடாது என்று நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்வார், முகத்தைப் பார். பட்டா எந்த வகை, பராமரிப்புக் கட்டணம் எவ்வளவு, கடந்த ஆண்டுகளில் எத்தனை முறை உயர்த்தினார்கள் என்ற மூன்றையும் எழுதி வாங்கி எனக்கு அனுப்பு. முன்பணம் கட்டுவதற்கு முன் அனுப்பு.

அன்புடன்,
உன் அத்தை
பத்தாங் பெர்ஜுந்தை