போர்ட் 23 பற்றிக் கேட்ட பிள்ளைக்காக

நம் சைபர் பாதுகாப்புக் குழுவின் மூத்த அண்ணாச்சிமாருக்கும் அக்காமாருக்கும், வணக்கம்.

செங்கோட்டையில் கணினி சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். நம் டெலிகிராம் குழுவில் இந்தப் பக்கம் தென்காசி, அந்தப் பக்கம் புனலூர், தென்மலை என்று ஆட்கள் இருக்கிறோம். தமிழும் மலையாளமும் கலந்துதான் பேச்சு.

போன மாதம் புளியரையிலிருந்து ஒரு பிள்ளை கேட்டாள். பாலிடெக்னிக் முதலாண்டு. என்மேப் என்பது எந்தப் போர்ட், அதாவது இணைப்பு நுழையும் எண்ணிட்ட வாசல், திறந்திருக்கிறது என்று பார்க்கும் கருவி. "வீட்டு ரூட்டரை என்மேப்ல ஸ்கேன் பண்ணேன். 23 ஓப்பன்னு காட்டுது. ஆபத்தா?" முதல் பதில், "கூகுள்னு ஒண்ணு இருக்கு, தெரியுமா?" அடுத்து ஒரு சிரிப்புப் படம். மூன்றாவது, "ஸ்கிரிப்ட் கிட்டி வந்தாச்சு." அடுத்தவர் நிரலை எடுத்து ஓட்டும் அரைகுறை என்று கேலி. பத்து நிமிஷத்தில் கேள்வியை அழித்துவிட்டாள். அப்போது நானும் ஆன்லைனில் இருந்தேன். வாய் திறக்கவில்லை. அது இன்னும் உறுத்துகிறது.

அவள் கேட்டது நல்ல கேள்வி. 23 என்றால் டெல்நெட், ஒரு கருவிக்குள் தூரத்திலிருந்து நுழைந்து இயக்கும் பழைய முறை. அதில் கடவுச்சொல் எந்த மறைப்பும் இல்லாமல் அப்படியே போகும். 2016-இல் மிராய் என்ற தீநிரல் கேமராக்களையும் ரூட்டர்களையும் பிடித்தது இந்த வாசல் வழியாகத்தான். பெரிய வித்தை ஒன்றுமில்லை. கம்பெனியிலிருந்து வரும்போதே இருக்கிற பயனர்பெயர், கடவுச்சொல் ஜோடிகள் 60 சொச்சத்தை வரிசையாகப் போட்டுப் பார்த்தது. அந்த அக்டோபரில், பிடித்த கருவிகளை ஏவி, இணையப் பெயர்களை முகவரிகளாக மாற்றித் தரும் டைன் நிறுவனத்தைத் தாக்கியபோது அமெரிக்காவில் பலருக்கு ட்விட்டரும் நெட்ஃபிளிக்ஸும் மணிக்கணக்கில் திறக்கவில்லை. தன் வீட்டில் அதே வாசல் திறந்து கிடப்பதைத் தானாகக் கண்டுபிடித்தவளை நாம் விரட்டிவிட்டோம்.

அடிப்படை தெரியாதவர்கள் வந்தால் தரம் கெடும் என்கிறீர்கள். 2024 மார்ச்சில், கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் மென்பொருளில் ரகசியமாக நுழைவதற்கு ஒளித்து வைத்திருந்த பின்வாசலைக் கண்டுபிடித்த ஆண்ட்ரெஸ் ஃபிராயிண்ட் ஒரு தரவுத்தள நிரலாளர். தான் பாதுகாப்பு ஆய்வாளன் இல்லை என்று அவரே எழுதினார். தூரத்துக் கணினிக்குள் பாதுகாப்பாக நுழையும் எஸ்எஸ்எச் லாகின் அரை விநாடி தாமதமானது. ஏன் என்று தோண்டிப் பார்த்தார்.

அந்தப் பின்வாசலை வைத்ததும் உதவ வந்த ஒரு புதியவன்தானே என்று நீங்கள் கேட்கலாம். நியாயம். ஆனால் 2022-இல் முன்பின் தெரியாத கணக்குகள், அந்த மென்பொருளைத் தனியாளாகப் பார்த்துக் களைத்துப்போயிருந்த பராமரிப்பாளரைக் குத்திக் குத்தி எழுதியதும் அவனுக்கு வழி விட்டது. அங்கே கடுஞ்சொல் யாரையும் காப்பாற்றவில்லை. நிரலை எவ்வளவு வேண்டுமானாலும் சந்தேகப்படுங்கள். கேட்கிற ஆளை அவமதிப்பது வேறு சங்கதி.

பக்கத்து வீட்டு வைஃபையை உடைப்பது எப்படி என்றும் சிலர் கேட்பார்கள். அதற்கும் ஏச்சு வேண்டாம். அனுமதியில்லாமல் நுழைந்தால் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-ஆம் பிரிவில் 3 ஆண்டு வரை சிறை உண்டு என்று சொல்லுங்கள். வேண்டுமென்றே ஓட்டைகளோடு செய்த ஜூஸ் ஷாப் மாதிரி பயிற்சிச் செயலியைச் சொந்தக் கணினியில் போட்டுப் பழகச் சொல்லுங்கள்.

அந்தப் பிள்ளை சனிக்கிழமை கடைக்கு வந்தாள். டெல்நெட்டை அணைத்தோம், அட்மின் கடவுச்சொல்லை மாற்றினோம். அப்புறம் ஒரு நோட்டைக் காட்டினாள். 22, 53, 80 என்று போர்ட் எண்கள், எதிரே தமிழில் விளக்கம். 53-க்கு நேரே மட்டும் ஒரு கேள்விக்குறி. குழுவில் கேளு என்றேன். "வேண்டாம் அண்ணாச்சி" என்றாள். பேசிப் பேசிச் சம்மதிக்க வைத்திருக்கிறேன்.

ஞாயிறு சாயங்காலம் கேட்பாள். முதல் பதில் உங்களில் ஒருவரிடமிருந்து வரட்டும்.