கணைய வலி: சர்ஜனை எப்போது பார்ப்பது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நாள்பட்ட கணைய அழற்சி பற்றித் தங்கள் மருத்துவப் பக்கத்தில் வந்த கட்டுரை, வாய்வழியாகக் குழாய்க் கருவி விட்டுச் செய்யும் எண்டோஸ்கோபியே போதும், அறுவை சிகிச்சை கடைசி வழி என்கிறது. என் கணவருக்கும் அப்படித்தான் சொன்னார்கள்.

அவருக்குக் கணையக் குழாயில் கல். அதிர்வலை கொடுத்து உடைத்தார்கள். எண்டோஸ்கோபி வழியாக ஸ்டென்ட் என்னும் சிறு குழாயை வைத்தார்கள். சில மாதங்களில் அது அடைத்துக்கொள்ளும், மாற்றுவார்கள். வலி மட்டும் விடவில்லை. முதுகு வரை பாயும். சாப்பிடவே பயப்படுவார்; இரவெல்லாம் முழங்காலை மார்போடு கட்டிக் குனிந்து உட்கார்ந்திருப்பார். டிரமடால் என்னும் ஓபியாய்டு (அபின் வகை) வலி மாத்திரையின் அளவு கூடிக்கொண்டே போனது. அத்தனை காலமும் ஒரு சர்ஜனிடம் கேட்டுப் பாருங்கள் என்று யாரும் சொல்லவில்லை. நாங்களே தேடிப் போனோம். கணையத்தின் தலைப்பகுதியைக் குடைந்தெடுத்து, குழாயை நீளவாக்கில் திறந்து சிறுகுடலோடு இணைக்கும் ஃப்ரே அறுவை சிகிச்சை நடந்தது. இப்போது வயிறாரச் சாப்பிடுகிறார்.

ஒருவர் கதையை வைத்து வாதிடக் கூடாது என்பீர்கள். சரி, ஆய்வுகளைப் பாருங்கள். நெதர்லாந்தில் 39 பேரிடம் நடந்து 2007-ல் வெளியான ஆய்வில், இரண்டு ஆண்டு முடிவில் வலி முழுமையாகவோ ஓரளவோ தணிந்தவர்கள் அறுவை சிகிச்சைப் பிரிவில் 75 சதவீதம், எண்டோஸ்கோபிப் பிரிவில் 32 சதவீதம். அதே நாட்டில் 88 பேரைச் சேர்த்து 2020-ல் வந்த ‘எஸ்கேப்’ ஆய்வு, முதலில் எண்டோஸ்கோபி வழியில் போனவர்களைவிட, சீக்கிரமே அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களுக்குப் பதினெட்டு மாதங்களில் சராசரி வலி குறைவு என்று காட்டியது. வருடக்கணக்கில் வலியும் ஓபியாய்டு மாத்திரையுமாக இருந்தால் நரம்புகளே வலியை மிகையாக உணரப் பழகிவிடுகின்றன. பிறகு அடைப்பை நீக்கினாலும் முழுப் பலன் கிடைப்பது கடினம். தாமதம் என்னை உறுத்துவது இதனால்தான்.

எண்டோஸ்கோபி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கல் முழுதாக வெளியேறிவிட்டால் அதிலேயே நல்ல நிவாரணம் கிடைக்கிறது. மயக்க மருந்தும் பெரிய அறுவையும் தாங்காத உடம்புக்கு அதுவே ஏற்றது. கணையக் குழாய் விரிவடையாதவர்களுக்கோ கணக்கே வேறு. ஆனால் ஐரோப்பிய எண்டோஸ்கோபி சங்கமே, ஆறிலிருந்து எட்டு வாரத்துக்குள் பலனை மதிப்பிட்டு, திருப்தியில்லையென்றால் அறுவை சிகிச்சையையும் பரிசீலிக்கச் சொல்கிறது. ஸ்டென்டை மாற்றிக்கொண்டே வருடங்களைக் கடத்தச் சொல்லவில்லை.

அடுத்த முறை இந்நோய் பற்றி எழுதும்போது, கணைய அறுவை சிகிச்சை செய்யும் சர்ஜன் ஒருவரின் கருத்தையும் கேட்டு வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி