மணிக்கு எத்தனை லிட்டர் என்பதை வைத்து கேனிஸ்டர் ஃபில்டர் வாங்கலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு இணைப்பில் வீட்டு மீன் தொட்டிக்கு எந்த கேனிஸ்டர் ஃபில்டர் (தொட்டிக்கு வெளியே, கீழே வைக்கும் மூடிய டப்பா வடிகட்டி) வாங்கலாம் என்று அரைப் பக்கக் கட்டுரையும் ஓர் அட்டவணையும் போட்டிருந்தீர்கள். தமிழில் இதைப் பற்றியெல்லாம் எழுதுகிறார்களே என்று சந்தோஷமாகத்தான் படிக்க ஆரம்பித்தேன். ஆனால் 'மணிக்கு எத்தனை லிட்டர்' என்ற ஒரே எண்ணை வைத்து எல்லாவற்றையும் வரிசை கட்டியிருந்ததைப் பார்த்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை. நான் பதினோரு வருஷமாக அம்பத்தூரில் இரண்டாம் மாடி வீட்டில் மீன் வளர்க்கிறவன், இதுவரை நான்கு கேனிஸ்டர் மாற்றியாயிற்று, அதில் ஒன்று கீழ்வீட்டுக்காரரிடம் பேச்சு வாங்கிக் கொடுத்தது. அந்தக் கதையை அப்புறம் சொல்கிறேன்.

முதலில் அந்த லிட்டர் கணக்கு. பெட்டியில் போடுவது பெரும்பாலும் வெறும் மோட்டாரின் கணக்கு. உள்ளே ஸ்பாஞ்ச், செராமிக் ரிங்ஸ் எதுவும் இல்லாமல், தண்ணீரை மேலே ஏற்ற வேண்டிய சிரமமும் இல்லாமல் ஓடினால் வருவது. என்னிடம் இருந்த ஒன்றில் 1,200 என்று போட்டிருந்தது. புதிதாக மாட்டிய அன்றே வெளிவரும் குழாயை 10 லிட்டர் பக்கெட்டில் விட்டு போனில் நேரம் பார்த்தேன், நிரம்ப 51 விநாடி, அதாவது மணிக்கு 700 லிட்டர்தான். கழுவாமல் இரண்டு மாதம் விட்டுவிட்டுப் பார்த்தால் 84 விநாடி. நானூற்றுச் சொச்சத்துக்கு இறங்கிவிட்டது. இதை யார் வேண்டுமானாலும் வீட்டில் செய்து பார்க்கலாம்.

உங்கள் அட்டவணையில் ஈஹைம் கிளாசிக் 2213 கடைசியில் கிடக்கிறது, ஏனென்றால் அது மணிக்கு 440 லிட்டர்தான். ஆனால் அதே ஜெர்மன் கம்பெனி அதை 250 லிட்டர் தொட்டி வரைக்கும் போதும் என்கிறது. ஃப்ளூவல் 307 மணிக்கு 1,150 லிட்டர், அவர்கள் சொல்வது 330 லிட்டர் தொட்டி வரை. தொட்டித் தண்ணீரைப் போல மணிக்கு இரண்டு மடங்குகூட ஓட வேண்டாம் என்கிறார் ஒருவர், இன்னொருவர் மூன்றரை மடங்கு என்கிறார். காரணம் உள்ளே இருக்கிறது. பழைய ஈஹைம் கிளாசிக் வெறும் உருளை டப்பா மாதிரி, தண்ணீர் அடியில் நுழைந்து மேலே ஏறும் வழியெல்லாம் மீடியாதான், அதாவது ஸ்பாஞ்ச், ரிங்ஸ் மாதிரி வடிகட்டும் பொருள், சந்தில் புகுந்து தப்பிக்க இடமே கிடையாது. தட்டு தட்டாக அடுக்கும் மாடல்களில் தட்டுக்கும் சுவருக்கும் நடுவே இடைவெளி இருந்தால் கொஞ்சம் தண்ணீர் வடிகட்டப்படாமலே திரும்பிவிடும். அதற்காகத் தட்டு வைத்தது மட்டம் என்று சொல்ல மாட்டேன், கழுவுவதற்கு அதுதான் சுகம். ஈஹைம் கிளாசிக்கை ஒவ்வொரு முறையும் ஓட வைக்கக் குழாயை வாயால் உறிஞ்ச வேண்டியிருக்கும், மீன் தண்ணீர் குடிக்காதவர்கள் இந்தக் கூட்டத்தில் யாரும் இருக்க முடியாது. சன்சன் 302, ஃப்ளூவல் எல்லாம் மேலேயே அழுத்தித் தண்ணீரை இழுக்கும் வசதியோடு வருகின்றன. ஓஆசே பயோமாஸ்டரில் முதல் அழுக்கைப் பிடிக்கும் ஸ்பாஞ்சை மட்டும் தனியாக உருவிக் கழுவலாம், டப்பாவைத் திறக்கவே வேண்டாம். விலைதான் கையைக் கடிக்கும்.

கரண்ட் செலவையும் ஒரு வரி சேர்த்திருக்கலாம். ஈஹைம் 2213க்கு 8 வாட், சன்சன் 302க்கு 18 வாட். இரவும் பகலும் ஓடுவது என்பதால் இரண்டு மாத பில்லில் முன்னது 11, 12 யூனிட், பின்னது 26 யூனிட் வரும்.

சரி, இப்போது கட்டுரையில் ஒரு வார்த்தைகூட இல்லாத விஷயத்துக்கு வருகிறேன். கரண்ட் போனால் என்ன ஆகும்? மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் அதை நைட்ரேட்டாகவும் மாற்றுகிற பாக்டீரியாக்கள்தான் ஃபில்டரின் உயிர், அவற்றுக்கு ஆக்சிஜன் வேண்டும். ஸ்பாஞ்ச் ஃபில்டரும் தொட்டி மேலேயே வைக்கும் டாப் ஃபில்டரும் திறந்து கிடப்பவை, சமாளித்துக்கொள்ளும். கேனிஸ்டர் மூடிய டப்பா. மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை 9 மணிக்குப் போகும் கரண்ட் சில நாள் மாலை 5 மணிக்குத்தான் வருகிறது. அதற்குள் உள்ளே இருக்கும் ஆக்சிஜன் தீர்ந்து பாக்டீரியா சாக ஆரம்பிக்கும். வெயில் காலத்தில் இன்னும் மோசம், 20 டிகிரி தண்ணீரில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும் என்றால் நம் ஊர் 30 டிகிரியில் ஏழரைதான். ஒரு மே மாதம் நான் ஆபீசில் இருந்தபோது கரண்ட் வந்து ஃபில்டர் தானாக ஓடி, டப்பாவில் எட்டு மணி நேரம் அழுகிக் கிடந்த தண்ணீரைத் தொட்டிக்குள் கொட்டிவிட்டது. வீட்டுக்குள் நுழைந்ததும் அழுகின முட்டை நாற்றம். இரண்டு ஏஞ்சல் மீன் மல்லாந்து கிடந்தன.

அன்றிலிருந்து நீண்ட மின்தடை என்று தெரிந்தால் பிளக்கைப் பிடுங்கிவிடுவேன், கரண்ட் வந்ததும் டப்பாத் தண்ணீரைக் கொட்டி, மீடியாவைத் தொட்டித் தண்ணீரிலேயே அலசிவிட்டு ஓட விடுவேன். கூடவே தொட்டிக்குள் ஒரு சாதா ஸ்பாஞ்ச் ஃபில்டரும் எப்போதும் இருக்கும். வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் அந்த லைனில் கொடுத்துவிடலாம், 18 வாட் எல்லாம் ஒரு பொருட்டே இல்லை. பழைய ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர் என்றால் மட்டும் மோட்டார் இரையும்.

மீடியாவைக் 'குழாயடியில் பளிச்சென்று கழுவுங்கள்' என்று எழுதியிருந்ததைத் தயவுசெய்து திருத்திப் போடுங்கள். மெட்ரோ தண்ணீரில் குளோரின் இருக்கிறது, அதில் கழுவினால் பாக்டீரியாவை நாமே கொன்ற மாதிரி. போர் தண்ணீர் வீடுகளில் வேறு தொல்லை, தண்ணீரைத் தள்ளும் சின்ன விசிறியான இம்பெல்லரில் வெள்ளையாக உப்புப் படியும், எலுமிச்சைச் சாற்றில் ஊறப்போட்டால் விட்டுவிடும். அவசரப்பட்டுச் சுரண்டினால் அது சுழலும் செராமிக் கம்பி படக்கென்று ஒடியும்.

இனி கீழ்வீட்டுக் கதை. கழுவி மூடியபோது ஜாவா பாசியின் ஒரே ஒரு நார், தலைமுடி அளவுதான் இருக்கும், மூடி ஓரத்து ரப்பர் வாஷரில் ஒட்டிக்கொண்டிருந்தது. கிளிப் எல்லாம் டக் டக் என்று பூட்டின, ராத்திரி வரைக்கும் ஒரு சொட்டு இல்லை. காலையில் தொட்டியில் பாதி காலி, ஹால் முழுக்கத் தண்ணீர், கீழே அவர்கள் வீட்டு சீலிங்கில் மஞ்சள் வட்டம். உறிஞ்சும் குழாயைப் பாதி உயரத்தில் வைத்திருந்ததால் அந்த மட்டத்தோடு நின்று மீன்கள் பிழைத்தன. இந்த லட்சணத்தில் அந்த மாடலுக்கு மாற்று வாஷர் வாங்கக் கொளத்தூர் வண்ண மீன் கடைகளில் ஏறி இறங்கியும் கிடைக்கவில்லை. அதனால்தான் சொல்கிறேன், அட்டவணையை மறுபடி போடுவதானால் வாஷரும் இம்பெல்லரும் இங்கே தனியாகக் கிடைக்குமா என்று ஒரு கட்டம் சேருங்கள், லிட்டர் கட்டத்தை எடுத்துவிட்டாலும் பரவாயில்லை.

இன்னொன்று, கோபித்துக்கொள்ளாதீர்கள். கழுவி மாட்டிய இரவு ஃபில்டருக்கு அடியில் உங்கள் நாளிதழைத்தான் விரிக்கிறேன். ஒரு சொட்டு விழுந்தாலும் காலையில் காட்டிக்கொடுத்துவிடுகிறது.

இப்படிக்கு,
ஒரு வாசகன்,
அம்பத்தூர், சென்னை.