மூன்றாம் மாதம் எங்களை மறுபடி வரச் சொல்லுங்கள்

தமிழ்நாட்டின் மகளிர் நல மருத்துவர்களுக்கு,

வணக்கம். மாதவிடாய் நிற்கும் காலத்தில் நீங்கள் எழுதித் தரும் ஹார்மோன் சிகிச்சையைப் பல பெண்கள் சில மாதங்களிலேயே விட்டுவிடுகிறார்கள். விட்டவர்கள் மறுபடி உங்களிடம் வருவதில்லை. அதனால் இது உங்கள் கண்ணில் படாமலே போகலாம்.

ஒரு முக்கியக் காரணம் ரத்தப்போக்கு. நின்றுபோனது திரும்ப வந்தால் யாருக்கும் வயிற்றைப் பிசையும். முதல் மூன்று முதல் ஆறு மாதங்களில் அவ்வப்போது ரத்தம் படுவது சகஜம், அதற்கு மேலும் நீடித்தாலோ அதிகமாகப் போனாலோ உடனே வா என்று சீட்டு எழுதும்போதே சொல்லிவிடுங்கள். மார்பு கனத்து வலிக்கிறதா, மனசு சோர்ந்துபோகிறதா? மருந்தின் அளவை மாற்றலாம், கர்ப்பப்பையின் உள்படலத்தைக் காக்கத் தரும் புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோனின் வகையை மாற்றலாம், மாத்திரைக்குப் பதில் தோலில் தடவும் ஜெல் தரலாம். இதெல்லாம் எங்களுக்குத் தெரியாது. ஒரு மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்றால் சிகிச்சையே ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்துக்கொள்கிறோம்.

கர்ப்பப்பை உள்ளவர்கள் சிகிச்சையின் முக்கிய ஹார்மோனான ஈஸ்ட்ரோஜனைத் தொடர்ந்துகொண்டு புரோஜெஸ்டிரோனை மட்டும் நிறுத்துவது இன்னும் மோசம். கர்ப்பப்பையின் உள்படலம் தடித்து, புற்றுநோய்வரை போகலாம். இரண்டும் எதற்கு என்று விளக்கிவிட்டால் எந்தப் பெண்ணும் அப்படிச் செய்யமாட்டாள்.

அப்புறம், மார்பகப் புற்றுநோய் பயம். 2002-இல் அமெரிக்காவில் பாதியில் நிறுத்தப்பட்ட பெரிய ஆய்விலிருந்து பரவிய பயம் இது. அதில் சேர்ந்தவர்களின் சராசரி வயது 63, அதாவது மாதவிடாய் நிற்கும் வயதைத் தாண்டியவர்களே அதிகம். இரண்டு ஹார்மோனும் சேர்த்து எடுத்தவர்களில் ஆண்டுக்கு 10,000 பேரில் 38 பேருக்கு மார்பகப் புற்றுநோய் வந்தது, எடுக்காதவர்களில் 30. ஆபத்தே இல்லை என்று சமாதானம் சொல்ல வேண்டாம். இந்த எண்ணை அப்படியே சொல்லுங்கள், எங்கள் வயதையும் குடும்ப வரலாற்றையும் வைத்துப் பேசுங்கள். தூக்கமில்லாத இரவுகளையும் கொதிக்கும் உடம்பையும் ஒரு தட்டில் வைத்து எடைபோட எங்களுக்குத் தெரியும்.

பிரிட்டனில் மருத்துவர்களுக்கு வழிகாட்டும் நைஸ் (NICE) அமைப்பின் வழிகாட்டுதல், தொடங்கிய மூன்றாம் மாதம் ஒருமுறையும் பிறகு ஆண்டுக்கு ஒருமுறையும் பார்க்கச் சொல்கிறது. இங்கேயும் அதைக் கட்டாய வழக்கமாக்குங்கள். மறுபடி வரவேண்டிய தேதியைச் சீட்டிலேயே எழுதுங்கள். வராதவளுக்குச் செவிலியர் ஒரு போன் செய்யட்டும். வீட்டில் எல்லோருடைய மாத்திரையையும் நேரம் தவறாமல் எடுத்துக் கொடுப்பவள், தன்னுடையதைத்தான் முதலில் கைவிடுகிறாள்.

பேசிய பிறகும் வேண்டாம் என்று அவள் முடிவெடுத்தால், சரி, அது அவள் உரிமை.

இப்படிக்கு,
சிகிச்சையைத் தொடர்ந்துவரும் ஒரு பெண்