ஒன்பது பெயர் இருந்த பதிவேடு

ஆவாரம்பாளையம்,
கோயம்புத்தூர்.
30.11.2025

அன்பு மகள் நித்யாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நலம். உன் நலம் அறிய ஆவல்.

போன வாரம் தொலைபேசியில் நீ சொன்ன ஒரு சொல் இன்னும் உறுத்திக்கொண்டே இருக்கிறது. ஆர்டர் குறைந்துவிட்டதால் வாரத்துக்கு மூன்று நாள் வேலை என்று கம்பெனியில் ஆக்கிவிட்டார்கள், வேலையில்லாத இரண்டு நாளுக்கான சம்பளத்தில் ஒரு பங்கு ஜெர்மன் அரசாங்கத்திலிருந்து வருகிறது, அதை வாங்குவது தர்மக்காசு வாங்குகிற மாதிரி இருக்கிறதப்பா என்றாய். அப்போது நான் பதில் சொல்லாமல் அம்மாவிடம் போனைக் கொடுத்துவிட்டேன். பதில் இல்லாமல் இல்லை. அந்தப் பதிலில் என்னுடைய தப்பு ஒன்றும் சேர்ந்தே வருகிறது. அதை வாயால் சொல்ல வரவில்லை. இன்று ஞாயிற்றுக்கிழமை, பட்டறை விடுமுறை என்பதால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நீ சொன்ன பிறகு அந்தக் குர்ட்ஸ்ஆர்பைட் என்னும் ஏற்பாட்டைப் பற்றித் தேடிப் படித்தேன். நம் மொழியில் குறைநேர வேலை என்று வைத்துக்கொள்ளலாம். 1910-இல் பொட்டாஷ் சுரங்கத் தொழிலாளர்களுக்காகத் தொடங்கியதாம். நூறு வருடத்துக்கும் மேலான பழக்கம். அதன் அடிப்படை எளிமையானது. தொழில் மந்தமாகும்போது முதலாளி ஆளை நிறுத்த வேண்டாம், நேரத்தைக் குறைத்துக்கொள்ளட்டும். அதனால் கையில் வரும் சம்பளத்தில் எவ்வளவு குறைகிறதோ அதில் 60 விழுக்காட்டை, பிள்ளை இருப்பவர்களுக்கு 67 விழுக்காட்டை, வேலைவாய்ப்பு அலுவலகம் ஈடுகட்டும். ஆகவே உனக்கு 1,000 யூரோ குறைந்தால் 600 யூரோ திரும்ப வருகிறது. இந்தப் பணம் எங்கிருந்து வருகிறது என்று உன் சம்பளச் சீட்டைப் பார்த்தாலே தெரியும். வேலையின்மைக் காப்பீடு என்று சம்பளத்தில் 2.6 விழுக்காடு போகிறது, அதில் பாதியை நீ கட்டுகிறாய், பாதியைக் கம்பெனி கட்டுகிறது. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து மாதம் தவறாமல் கட்டியிருக்கிறாய். சீட்டு போட்டவர் சீட்டு எடுப்பதை யாராவது தர்மம் என்பார்களா, கண்ணு?

2009-இல் ஜெர்மனியின் பொருளாதாரம் 5 விழுக்காட்டுக்கு மேல் சுருங்கிற்று. இருந்தும் அந்த வருடம் அங்கே வேலையில்லாதவர்களின் எண்ணிக்கை சொல்லும்படி ஏறவில்லை. அதே வருடக் கடைசியில் அமெரிக்காவில் அது 10 விழுக்காட்டைத் தொட்டது. ஜெர்மனியில் 14 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் குறைநேர வேலையில் இருந்தார்கள். கொரோனா வந்தபோது, 2020 ஏப்ரலில், அந்த எண்ணிக்கை ஏறத்தாழ 60 லட்சம். வீட்டில் உட்கார்ந்திருந்த அத்தனை பேருடைய பெயரும் கம்பெனிப் பதிவேட்டிலேயே இருந்தது என்பதை நினைத்துப் பார்.

அதே ஏப்ரலில் இங்கே என்ன நடந்தது என்று உனக்குப் பாதிதான் தெரியும். நீ அப்போது அங்கே படித்துக்கொண்டிருந்தாய். உன் படிப்பு கெடக்கூடாது என்று நாங்கள் எதையும் சொல்லவில்லை. மார்ச் 24 இரவு எட்டு மணிக்குப் பிரதமர் அறிவித்தார், மறுநாள் நாடு முழுவதும் பூட்டு. பம்ப்செட்டுக்குக் கோடைதானே சீசன். இம்பெல்லர், ஷாஃப்ட் என்று பம்ப் பாகங்கள் எல்லாம் கடைசல் முடிந்து அனுப்பத் தயாராகத் தட்டில் அடுக்கியிருந்தன. இரண்டு வாரம் கழித்து ஒரு நாள் விடியற்காலையில் சந்து வழியாகப் போய்ப் பட்டறையைத் திறந்து பார்த்தேன். பெரிய லேத்தின் பெட் முழுவதும் மஞ்சள் பொடி தூவியதுபோலத் துரு பூத்திருந்தது. மண்ணெண்ணெயில் துணி நனைத்துத் துடைத்து, எண்ணெய் போட்டுவிட்டு வந்தேன். இருபத்தேழு வருடத்தில் அந்த மெஷின் அப்படிக் கிடந்து நான் பார்த்ததில்லை.

மார்ச் 29-ஆம் தேதி மத்திய உள்துறை ஓர் உத்தரவு போட்டது: ஊரடங்குக் காலத்துக்கும் தொழிலாளர்களுக்கு முழுச் சம்பளம் கொடுக்க வேண்டும். எந்தப் பணத்திலிருந்து என்று உத்தரவில் இல்லை. மே 18-இலிருந்து அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். மார்ச், ஏப்ரல் இரண்டு மாதமும் நான் சம்பளம் கொடுத்தேன். ஏப்ரல் சம்பளத்துக்கு உன் அம்மாவின் நான்கு வளையல் அடகுக்குப் போயிற்று. மே மாதம் என்னால் முடியவில்லை.

அரசாங்கம் ஒன்றுமே செய்யவில்லை என்று சொன்னால் அது பொய். மே 13-ஆம் தேதி நிதியமைச்சர் அறிவித்த 3 லட்சம் கோடி ரூபாய் அவசரக் கடன் உத்தரவாதத் திட்டம் எனக்கும் வந்து சேர்ந்தது. 2020 பிப்ரவரி 29 அன்று வங்கியில் எவ்வளவு கடன் பாக்கி இருந்ததோ அதில் 20 விழுக்காட்டை, புதிதாக எந்த ஜாமீனும் கேட்காமல், கூடுதல் கடனாகக் கொடுத்தார்கள். சிஎன்சி மெஷின் கடனில் எனக்கு 18 லட்சம் பாக்கி, எனவே 3 லட்சத்து 60 ஆயிரம் கிடைத்தது. முதல் வருடம் வட்டி மட்டும் கட்டினால் போதும், பிறகு முப்பத்தாறு தவணை. பட்டறை பிழைத்தது அந்தப் பணத்தால்தான். ஆனால் அதன் விசித்திரத்தையும் பார். ஏற்கெனவே கடன் வைத்திருப்பவனுக்குத்தான் கடன். நம் பக்கத்துப் பட்டறைக்காரர் இருந்த நகையை விற்றும் கைமாற்று வாங்கியும் இரண்டு லேத் போட்டவர், வங்கிப் பக்கமே போகாதவர். அவருடைய இருபது விழுக்காடு சைபர். அந்தத் தீபாவளிக்குள் இரண்டு லேத்தையும் எடைக்குப் போட்டுவிட்டுப் போய்விட்டார்.

பழைய கடனின் தவணையை ஆறு மாதம் தள்ளிவைக்க ரிசர்வ் வங்கி அனுமதித்ததும் நடந்தது. தவணை நின்றது, வட்டி நிற்கவில்லை. வட்டிக்கு வட்டி போடக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் வரை வழக்குப் போய், அந்த வித்தியாசத்தை அரசாங்கமே ஏற்று நவம்பரில் என் கணக்கில் வரவு வைத்தார்கள்: 2,300 ரூபாய் அளவில். உன் அம்மா அதைக் கேட்டுச் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

2008-லும் இப்படித்தான். அந்த டிசம்பரில் மந்தத்தைச் சமாளிக்க எக்சைஸ் என்னும் உற்பத்தி வரியை 4 விழுக்காட்டுப் புள்ளி குறைத்தார்கள். வருடத்துக்கு ஒன்றரைக் கோடிக்குக் கீழே வியாபாரம் செய்த என்னைப் போன்றவர்கள் அந்த வரியைக் கட்டியதே இல்லை. கட்டாத வரியைக் குறைத்து என்ன பயன்? எங்களுக்கு அப்போது வேண்டியிருந்தது கரண்ட். அதுதான் இல்லை.

இனி என் தப்புக்கு வருகிறேன்.

2020 செப்டம்பரில் ஒரு நாள் மாலை ரங்கன் பட்டறைக்கு வந்தான். உனக்குச் சைக்கிள் ஓட்டப் பழக்கிய அதே ரங்கன் மாமாதான். பதினாறு வருடம் என்னிடம் டர்னராக, லேத்தில் கடைசல் பிடிப்பவனாக இருந்தவன். மைக்ரோமீட்டர் வைப்பதற்கு முன்பே கட்டைவிரலால் தடவி அளவு சொல்லிவிடுவான். ஜூன் மாதம் நான் நிறுத்திய நான்கு பேரில் அவனும் ஒருவன். சட்டைப் பையிலிருந்து ஒரு செய்தித்தாள் துண்டை எடுத்து விரித்து என் மேசையில் வைத்தான். வேலை இழந்த, இ.எஸ்.ஐ. என்னும் தொழிலாளர் காப்பீட்டில் உள்ளவர்களுக்குச் சராசரிச் சம்பளத்தில் பாதியை மூன்று மாதத்துக்குக் கொடுக்கப்போகிறார்கள் என்னும் செய்தி அது. உண்மைதான், முன்பு கால் பங்காக இருந்ததைக் கொரோனாவுக்காகப் பாதியாக்கியிருந்தார்கள். "என் பேரு அந்த ஒன்பதுல இருக்குதுங்களாண்ணா?" என்று கேட்டான்.

அந்த ஒன்பது எது என்று நீ கேட்பாய். பட்டறையில் பத்துப் பேர் வேலை செய்தால் இ.எஸ்.ஐ. கட்டாயம். என்னிடம் பன்னிரண்டு பேர் இருந்தார்கள், பதிவேட்டில் ஒன்பது பேரைத்தான் காட்டினேன். இந்த ஊரில் பாதிப் பட்டறைகளில் அப்படித்தான் என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆடிட்டர் உட்பட யாரும் அதைத் தப்பாகச் சொன்னதில்லை. அவன் பெயர் ஒன்பதில் இருந்தது. இருந்தும் பயனில்லை, பத்து இல்லாத பட்டறைக்கு இ.எஸ்.ஐ.யே இல்லையே. அதை அவனுக்குச் சொல்ல எனக்குக் கால் மணி நேரம் பிடித்தது. அவன் சண்டை போடவில்லை, செய்தித்தாளைப் பழைய மடிப்பிலேயே மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, டீ கூடக் குடிக்காமல் போய்விட்டான்.

அன்று இரவு கணக்குப் போட்டுப் பார்த்தேன். ரங்கனின் சம்பளம் 14,000 ரூபாய். முதலாளி பங்கு 3.25 விழுக்காடு என்றால் மாதம் 455 ரூபாய், அவன் பங்கு 105 ரூபாய். நான் மிச்சம் பிடித்தது அந்த 455. அவனுக்குப் போனது மூன்று மாதத்துக்கு ஏறத்தாழ 21,000. அதே போலப் பி.எஃப். விஷயத்திலும், நூறு பேர் வரை உள்ள சிறு நிறுவனங்களில் குறைந்த சம்பளக்காரர்களுக்கு முதலாளி பங்கு, தொழிலாளி பங்கு இரண்டையும் சேர்த்து 24 விழுக்காட்டை மார்ச் முதல் ஆகஸ்ட் வரை அரசாங்கமே கட்டியது. இருபது பேருக்குக் கீழே இருப்பதால் எனக்குப் பி.எஃப். கட்டாயமில்லை, நானாகவும் சேரவில்லை. அதுவும் எங்களுக்கு இல்லை. உதவிக்கான பணம் டெல்லியிலிருந்து கிளம்பத்தான் செய்தது. வந்து சேர முகவரி வேண்டுமே, அதை நான் தரவில்லை.

ரங்கனை நிறுத்தியதில் எனக்கு நஷ்டம் இல்லை என்று நினைத்துவிடாதே. அடுத்த பிப்ரவரியில் ஆர்டர் குவிந்தபோது அவனைத் தேடிப் போனேன். அதற்குள் அவன் காரமடைப் பக்கம் மாமனார் ஊரில் சரக்கு ஆட்டோ ஓட்டத் தொடங்கியிருந்தான். வரமாட்டேன் என்று மரியாதையாகச் சொன்னான். ஐ.டி.ஐ. முடித்த பையன் ஒருவனை லேத்தில் நிறுத்தினேன். முதல் வாரத்தில் 140 இம்பெல்லரில் நடுத் துளை பெரிதாகப் போய், மொத்தமும் ரிஜெக்ட் ஆகி வந்தது. வார்ப்புக்கான பணத்தையும் என் பில்லில் பிடித்துக்கொண்டார்கள். குறைநேர வேலைத் திட்டத்தின் சூட்சுமம் அந்த 140 பீஸில்தான் எனக்குப் புரிந்தது, கண்ணு. அது தொழிலாளிமேல் இரக்கப்பட்டு மட்டும் கொடுக்கிற காசு இல்லை. பதினாறு வருடம் பழகிய கட்டைவிரல் பட்டறையைவிட்டுப் போய்விடாமல் பிடித்துவைக்கிற காசு. எனக்குக் கிடைத்த உதவி மெஷினைக் காப்பாற்றியது. உன் ஊர் உதவி மெஷினுக்கு முன்னால் நிற்கிற ஆளைக் காப்பாற்றுகிறது.

ஆனாலும் ஒன்று சொல்லியாக வேண்டும். இந்த ஏற்பாடு மழைக்கு ஒதுங்குவதற்கு நல்லது, ஆறு திசை மாறும்போது உதவாது. உன் கம்பெனி செய்வது பெட்ரோல், டீசல் எஞ்சினுக்கான பாகம். வண்டிகள் மின்சாரத்துக்கு மாறுவது கொரோனாபோல ஒரு வருடத்தில் விலகுகிற காரியம் இல்லை. செத்துக்கொண்டிருக்கும் தொழிலையும் இந்தப் பணம் கொஞ்ச நாள் நடமாட வைக்கும் என்று அங்கேயே குறை சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அதில் நியாயம் இருக்கிறது. இந்த வருடம் ஒரு கம்பெனியில் 24 மாதம் வரை அதை வாங்கலாம் என்று ஆக்கியிருக்கிறார்கள். அந்தக் காலம் முழுவதும் ஆர்டர் திரும்பும் என்று நம்பிக்கொண்டு இருந்துவிடாதே. மின்மோட்டார், பவர் எலெக்ட்ரானிக்ஸ் பக்கம் ஒரு படிப்பு படிக்க வேண்டும் என்று இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாய். வாரத்துக்கு இரண்டு நாள் இப்போது கையில் இருக்கிறது.

திருப்பூர் நிலைமை உனக்குத் தெரிந்திருக்கும். 2025 ஆகஸ்ட் 27-இல் அமெரிக்கா போட்ட 50 விழுக்காடு வரியால் அங்கே ஆர்டர்கள் நின்றும் குறைந்தும் போயிருக்கின்றன. உன் சித்தப்பா பனியன் கம்பெனியில் ஒரு ஷிஃப்டை எடுத்துவிட்டார்கள். இந்த மாதம் 12-ஆம் தேதி மத்திய அமைச்சரவை ஏற்றுமதியாளர்களுக்கு 20,000 கோடி ரூபாய் வரை கூடுதல் கடனுக்கு முழு உத்தரவாதம் தர ஒப்புதல் கொடுத்தது. நல்லதுதான், வாங்கிக்கொள்ளட்டும். ஆனால் மறுபடியும் அதே வழி, முதலாளிக்குக் கடன். ஆகஸ்டிலிருந்து நடக்கும் வேலைவாய்ப்பு ஊக்கத் திட்டத்தில் புதிதாக ஆள் சேர்த்தால் தலைக்கு மாதம் 3,000 ரூபாய் வரை முதலாளிக்குக் கிடைக்கும். இருக்கிற ஆளை நிறுத்தாமல் வைத்திருப்பவனுக்கு எதுவும் இல்லை. பீஸ் ரேட்டில் பவர் டேபிளில் தைக்கிற பெண்களுக்கு எத்தனை பேருக்குப் பி.எஃப். எண் இருக்கிறது என்பது திருப்பூர்க்காரர்களுக்கே வெளிச்சம்.

நம் பட்டறையில் இப்போது பதினான்கு பேர். 2021 ஏப்ரல் முதல் பதினான்கு பேருக்கும் இ.எஸ்.ஐ. கட்டுகிறேன். இதைப் பெருமைக்காக எழுதவில்லை. ரங்கன் திரும்பி வரவில்லையே.

இன்னும் இரண்டு காரியம் இருக்கிறது. அந்தப் பணத்துக்கு வருமான வரி கிடையாது. ஆனால் மற்ற வருமானத்துக்கான வரி விகிதத்தை அது ஏற்றிவிடும் என்றும், வருடத்தில் 410 யூரோவுக்கு மேல் வாங்கினால் கணக்கு தாக்கல் செய்தே ஆக வேண்டும் என்றும் படித்தேன். உன் ஆடிட்டரிடம் கேட்டு, அடுத்த வருடம் கட்டுவதற்குக் கொஞ்சம் ஒதுக்கி வை. இரண்டாவது, இந்த மாதச் சம்பளச் சீட்டு வந்ததும் பெயரையும் எண்ணையும் மறைத்துவிட்டு ஒரு படம் எடுத்து அனுப்பு. அடுத்த மாதம் எங்கள் குறுந்தொழில் சங்கக் கூட்டம் இருக்கிறது. வேலையின்மைக் காப்பீடு பிடிக்கிற அந்த வரியையும், இப்போது திரும்ப வருகிற வரியையும் ஒரே தாளில் அவர்களுக்குக் காட்ட வேண்டும்.

அன்புடன்,
அப்பா