கடைசி வரியில் இருக்கிறது கணக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கொரோனா சாவுகள் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். 2020, 2021 ஆண்டுகளில் இந்தியாவில் வழக்கத்தைவிடக் கூடுதலாக 47 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது. அரசின் கணக்கு 5 லட்சத்தைக்கூட எட்டவில்லை. எது சரி என்ற சண்டையோடு கட்டுரை முடிந்துவிட்டது. கணக்கு எங்கே தப்புகிறது என்பதை யாரும் சொல்லக் காணோம். கிராம நிர்வாக அலுவலராகப் பல வருடம் பிறப்பு இறப்புப் பதிவேடு எழுதியவன் என்ற முறையில் சொல்கிறேன்.

ஆஸ்பத்திரியில் இறந்தால், சாவுக்கான காரணத்தைச் சொல்லும் மருத்துவச் சான்றான படிவம் 4ஐ டாக்டர் எழுத வேண்டும். அதில் மேல் வரியில் உடனடிக் காரணம், அதன் கீழே அதை உண்டாக்கியது, கடைசி வரியில் எல்லாவற்றையும் தொடங்கிவைத்த நோய். மூச்சுத்திணறல், நிமோனியா, கொரோனா என்று இறங்க வேண்டும். சர்க்கரை, பிரஷர் போன்றவற்றுக்குத் தனியாக இரண்டாம் பகுதி இருக்கிறது. புள்ளிவிவரத்துக்குப் போவது பெரும்பாலும் அந்தக் கடைசி வரிதான்.

என் தங்கை கணவர் 2021 மே மாதம் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் இறந்தார். பரிசோதனையில் கொரோனா என்று வந்து 11 நாள்தான் ஆகியிருந்தது. படிவத்தில் 'இதய, நுரையீரல் செயலிழப்பு' என்று ஒரே வரி. கீழே காலி. லாரி மோதிச் செத்தாலும் இதயம் நிற்கத்தானே செய்யும்?

உச்ச நீதிமன்றத்தில் வழக்கு நடந்த பிறகு, தொற்று உறுதியாகி 30 நாளுக்குள் நேர்ந்த சாவைக் கொரோனா சாவாகக் கொள்ளலாம் என்று 2021 செப்டம்பரில் விதி வந்தது. போனில் அழிக்காமல் வைத்திருந்த பரிசோதனை எஸ்.எம்.எஸ்ஸை மாவட்டக் குழுவிடம் காட்டித்தான் தங்கை கொரோனா சாவுக்கான நிவாரணம் 50,000 ரூபாய் வாங்கினாள். படிவத்தின் காலி வரிகள் நிரப்பப்பட்டனவா என்று இன்றுவரை யாரும் சொல்லவில்லை.

வீட்டுச் சாவு இன்னும் மோசம். 'நெஞ்சு வலி', 'வயசாயிடுச்சு' என்று வீட்டார் சொன்னதை எழுதிக்கொள்வேன். வேறு என்ன செய்ய முடியும், நான் டாக்டரா? 2020இல் நாட்டில் பதிவான சாவுகளில் சுமார் 22 சதவீதத்துக்குத்தான் மருத்துவச் சான்று இருந்தது.

தேடினால் கிடைக்காமல் போவதில்லை. 2020 ஜூலையில் பதிவேடுகளை ஒப்பிட்டுப் பார்த்து, விடுபட்டிருந்த 444 சாவுகளைத் தமிழக அரசே கணக்கில் சேர்த்தது.

நாம் வாங்கும் இறப்புச் சான்றிதழில் காரணம் இருக்காது, சட்டமே அப்படி. ஆனால் 2023 திருத்தத்தின்படி, காரணம் எழுதிய மருத்துவச் சான்றின் நகலை நெருங்கிய உறவினருக்கும் தர வேண்டும். அது பலருக்குத் தெரியாது. ஒழுங்காக நிரப்பிய படிவம் 4 மாதிரி ஒன்றை உங்கள் இதழில் அச்சிட்டால், நகலை வாங்குகிறவர்கள் ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்வார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிராம நிர்வாக அலுவலர்,
திருவாரூர் மாவட்டம்